பாடாதே, ஊது

ஓடும்போது இருமல் வரவில்லை. ஓடி முடித்து நின்ற பிறகுதான் வந்தது. அதனால்தான் எனக்கு அது நோயாகத் தெரியவில்லை.

என் மகள் மோனிஷாவுக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வெள்ளானூர் பெண்கள் கபடி அணியில் அவள்தான் முதல் ரைடர். அதாவது, ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே எதிரணிக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறவள். தினமும் காலையில் ஏரிக்கரையில் இரண்டு சுற்று ஓடுவாள். நின்று ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு வறட்டு இருமல் பிடிக்கும். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து இருமுவாள். அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். “மறுபடியும் ஜில் தண்ணி குடிச்சியா?” என்று திட்டிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம் மைதானத்துக்கு வருகிறவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு இதே இருமல் இருப்பது போன மாதம் தெரிந்தது. நான் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. போனவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் காற்று கம்ப்ரசர் பழுது பார்க்கிறேன். மருத்துவம் படிக்கவில்லை. கண்ணால் பார்த்ததையும், டாக்டர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியதையும், நான் செய்த தப்பையும் மட்டும் சொல்கிறேன்.

கபடியில் ரைடருக்குத் தம்தான் எல்லாம். பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மூச்சை இழுத்தால் அவுட். ஒரு ரைடுக்கு முப்பது நொடி. ஒன்பதாம் வகுப்பில் மோனிஷா பதினெட்டு நொடியில் மூச்சை விட்டுவிடுவாள். நான் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். வீட்டு வாசலில் நிற்கவைத்துத் தினமும் பாடச் சொன்னேன். இரண்டே வருடத்தில் முப்பதைத் தாண்டினாள்.

அதற்கு ஒரு வித்தை உண்டு. காற்றை மொத்தமாக விடக் கூடாது. வாயில் சத்தம் மட்டும் வர வேண்டும், காற்று சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். கடைசிவரை நெஞ்சுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது நான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இருமலை முதலில் சந்தேகப்பட்டது அணியின் பயிற்சியாளர் செல்வி. ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். இப்போது ஆவடியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டே காலையில் பயிற்சி கொடுக்கிறார்.

“அண்ணா, இந்த இருமலு எனக்கு சரியா படல. ஒரு தபா டாக்டராண்ட காட்டு.”

“இருமலுக்கெல்லாம் டாக்டராம்மா? தம் பத்தல, அவ்ளோதான். இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்து ஓடுனா செட் ஆயிடும்.”

“நீ இன்னா, பொண்ண பெத்தியா, ரேஸ் குதிரை வாங்கிகினு வந்தியா?” என்று செல்வி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மனைவி கலா விடாமல் சொன்னதால் ஒரு சாயங்காலம் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை. “ஓடினதுக்கப்புறம் மூச்சுக்குழாய் சுருங்குற பிரச்சினையா இருக்கலாம்” என்றார்.

“சார், முப்பது செகண்ட் தம் கட்றா சார் இவ. நீங்களும் நானும் பத்துகூட கட்ட மாட்டோம். பாடிக் காட்டு மோனி.”

அவள் அங்கேயே நின்று பாடினாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டு நொடி. எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

“தம் நல்லாவே இருக்கு. ஆனாலும் ஊதிப் பாத்துடலாம்” என்று ஸ்பைரோமெட்ரி எழுதிக்கொடுத்தார் (முழு மூச்சையும் ஒரே வேகத்தில் ஊதவைத்து, முதல் நொடியில் எவ்வளவு வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் சோதனை). கூடவே ஒரு இன்ஹேலரும் எழுதினார் (மருந்தை வாய்வழியாக நேரே மூச்சுக்குழாய்க்குள் இழுக்கும் சிறு கருவி). இருமல் வந்தால் இழுக்கட்டும், சோதனை முடிவோடு மறுபடி வாருங்கள் என்றார்.

சோதனைக் கூடத்தில் ஒரு பெண் அவள் மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ஒரு குழாயைக் கொடுத்தார். “நல்லா இழு. ம்ம், இப்ப வெடிக்கிற மாதிரி ஊது! ஊது, ஊது, ஊது!” மோனிஷா ஊதினாள். அந்தப் பெண் போதாது என்று தலையை ஆட்டினார். ஆறு முறை ஊதவைத்தார். கடைசியில் தாளில், ‘முயற்சி போதவில்லை, மறுபடி செய்யவும்’ என்று போட்டுக்கொடுத்தார்.

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? நோய் இருந்தால் நோய் என்று எழுதியிருப்பார்கள், எழுதவில்லை, ஆகவே நோய் இல்லை. வழியெல்லாம், “உன் காத்து அவங்க மிஷின்ல அடங்கல மோனி” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோகவே இல்லை.

இன்ஹேலரை வாங்கினேன். ஆனால் பீரோவில், கலாவின் புடவைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு முறை இழுத்துப் பழகினால் விட முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் அதைப் பார்த்தால் மாவட்ட அணித் தேர்வில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். பெண் பிள்ளை வேறு, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றும் ஓடியது. இவை எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற மோனிஷாவிடம், “தேவைப்பட்டா எடுத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னேன். ஏரிக்கரையில் இரண்டு சுற்றை நான்கு ஆக்கினேன்.

தேர்வு பொங்கலுக்குப் பிறகு பத்தாம் நாள். போகி அன்று காலை வாசலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. பனி பாதி, புகை பாதி. தெருமுனையில் பழைய பாய், பிளாஸ்டிக் சேர், யாரோ போட்ட டயர், எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னிக்கு ஒரு நாள் உட்டுடுங்களேன், கண்ணே எரியுது” என்றாள் கலா.

“எதிர் டீம்காரன் போகின்னு லீவு உடுவானா?”

ஏரிக்கரையில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். முதல் சுற்று நன்றாக ஓடினாள். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தாமதம். மூன்றாவதில் புகைக்குள்ளிருந்து நடந்து வந்தாள். வாட்சை நிறுத்தலாமா, ஓடவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று இருமலே வரவில்லை. வந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. உதடு கத்தரிப்பூ நிறம். கண் என்னைப் பார்க்கிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கிட்டே போய்க் காதை வைத்தேன். ‘கபடி கபடி கபடி.’

மூச்சு நிற்கப்போகிறது என்று பயந்த நேரத்தில், நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். காற்றைப் பதுக்கிக்கொண்டிருந்தாள்.

செல்வி ஓடிவந்தார். “அந்தப் பஃப் எங்கண்ணா கீது? டாக்டர் குடுத்தாருன்னு மோனி சொன்னாளே!”

“ஊட்ல.”

“ஊட்லயா?” என்றார். இருவருமாக அவளைத் தூக்கி என் வண்டியில் வைத்தோம். நான் ஓட்ட, நடுவில் மோனிஷா, பின்னால் அவளைப் பிடித்தபடி செல்வி. வீடு எதிர்ப்பக்கம், ஆஸ்பத்திரி ஆவடியில். வீட்டுக்குப் போய் எடுத்துவரலாமா, நேரே போகலாமா என்று ஒரு கணம் வண்டி தடுமாறியது. நேரே விட்டேன். அவள் நெஞ்சு என் முதுகில் அழுந்தியிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் என் முதுகு எண்ணியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி வரும்போதெல்லாம், “மோனி! மோனிம்மா!” என்று கத்தினேன். “கீறாண்ணா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு!” என்று செல்வி திருப்பிக் கத்தினார்.

அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்தார்கள் (மருந்தைப் பனிபோல ஆக்கி, முகமூடி வழியாக உள்ளே அனுப்பும் கருவி). ஆக்சிஜனும் வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார்:

“இதுக்கு முன்னாடி வீசிங் இருந்துதா? யாராவது இன்ஹேலர் குடுத்திருக்காங்களா?”

“இல்ல சார். இதான் மொத தபா” என்றேன்.

முகமூடிக்கு மேலே மோனிஷாவின் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. வலியில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் வார்டில்தான். கலா டிபன் பாக்ஸில் கொண்டுவந்த பொங்கலை மூவரும் தின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, நுரையீரல் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள் என்றார்கள். அணித் தேர்வுக்கு அவள் போகவில்லை. அந்தக் காலையில் அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “இனிமே ஆட முடியாதா?” என்று ஒரே ஒரு முறை சுவரைப் பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்விதான்.

நுரையீரல் டாக்டர் இருந்தது வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில். நடுவயது அம்மா. அங்கேயும் அதே ஊதும் சோதனை. அதே ‘ஊது, ஊது, ஊது’. அங்கேயும் இயந்திரம் ஏற்கவில்லை. டெக்னீஷியன் சலித்துக்கொண்டார். டாக்டர் எழுந்து வந்து, திரையில் ஓடிய கோட்டைப் பார்க்காமல் மோனிஷாவின் வாயையே பார்த்தார்.

“நீ என்ன விளையாடுவே?”

“கபடி, மேம்.”

“ரைடரா?”

“ஆமா.”

“அதான் பாத்தேன். நீ ஊதவே இல்லம்மா. பாடிக்கிட்டிருக்கே. மூச்ச எண்ணி எண்ணி வெளிய விடுறே. இங்க உன்னை யாரும் பிடிக்கப் போறதில்ல. பாடாதே, ஊது. உள்ள ஒரு துளி மிச்சம் வெக்காதே.”

அவளால் முடியவில்லை. இரண்டு வருடப் பழக்கம் உதட்டில் இறங்கிவிட்டது. ஊத ஆரம்பித்ததும் தொண்டை தானாகக் குறுகுகிறது. டாக்டர் கோபப்படவில்லை. வீட்டில் ஒரு காகித உருண்டையை மேசையில் வைத்து, ஒரே ஊதில் எதிர்ச்சுவரில் அடிக்கச் சொன்னார். நான்கு நாள் அதுதான் பயிற்சி. உருண்டை மேசை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. நான்காம் நாள், “ஐயோ, எல்லாம் போவுதுப்பா” என்று பயந்து கத்திக்கொண்டே ஊதினாள். உருண்டை காலண்டரில் பட்டு விழுந்தது. காற்று முழுக்கத் தீர்ந்த பிறகும் தான் உயிரோடு இருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மறுபடி போனோம். முதலில் ஓடாமல் ஊதினாள். பிறகு ஓடும் பெல்ட்டில் எட்டு நிமிடம் ஓடவைத்து, நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டு ஊதவைத்தார்கள். ஓடுவதற்கு முன் வந்த கோடு குன்றுபோல உயர்ந்து இறங்கியது. ஓடிப் பத்து நிமிடம் கழித்து வந்த கோடு மேடே இல்லாமல் படுத்துக் கிடந்தது.

“மொத்தக் காத்து நிறைய இருக்கு. உங்க பொண்ணு வயசுக்கு இது ஜாஸ்திதான். ஆனா ஓடினதுக்கப்புறம் அது வெளிய வர்ற வழி சுருங்கிடுது” என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “மேடம், அப்ப டேங்க் பெருசு. ஓஸ் பைப் நசுங்குது.”

“கரெக்ட். நீங்க டேங்க்க மட்டும் பாத்துக்கிட்டிருந்தீங்க.”

இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். டேங்கில் காற்று முழுக்க இருந்தும் ஸ்ப்ரே துப்பாக்கியில் பெயின்ட் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். போய் ஓஸைத்தான் முதலில் பார்ப்பேன். வீட்டில் பார்க்கவில்லை.

“எந்தப் பயிற்சி குடுத்தா இந்த வழி பெருசாகும் மேடம்? அதையே செய்ய சொல்றேன்.”

“எதுவும் ஆக்காது.”

மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அதன்பிறகு அவர் சொன்னதைத்தான் நோட்டில் எழுதினேன்.

பயிற்சி நெஞ்சுத் தசையைப் பலமாக்கும். இதயத்தைப் பலமாக்கும். உள்ளே போன காற்றைக் கால் தசை வீணாக்காமல் எடுத்துக்கொள்ளப் பழக்கும். மூச்சுக்குழாயின் அகலத்தை மட்டும் அது பெரிதாக மாற்றாது. அதை மருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் நீண்ட ஓட்டம்தான் இவளைப்போன்றவர்களை அதிகம் சோதிக்கும். நிற்காமல் நிமிடக்கணக்கில் வாயால் காற்றை வாங்கி விடும்போது குழாயின் உள்பக்கம் காய்ந்துபோகும், காய்ந்தால் சுருங்கும். குளிர்ந்த காற்றிலும் தூசியிலும் இன்னும் மோசம். புகையில் கேட்கவே வேண்டாம்.

“அப்ப கபடி?” என்றாள் மோனிஷா. எனக்கும் அதுதான் வேண்டும்.

“கபடி அவ்வளவு மோசமில்ல. முப்பது நொடி பாயுறே, அப்புறம் கொஞ்சம் நிக்கறே. விட்டு விட்டு ஆடுறதால குழாய்க்கு நேரம் கிடைக்கும். மூச்ச அளந்து விடுற பழக்கமும் நல்லதுதான். ஆனா அத வெச்சு வழி நல்லா இருக்கான்னு கண்டுபிடிக்க முடியாது. உங்கப்பா செஞ்சது அதான்.”

நீச்சலைப் பற்றிக் கலா கேட்டாள். தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று ஈரமானது, அதனால் பலருக்குச் சௌகரியம். தண்ணீர் நெஞ்சை அழுத்துவதால் மூச்சுத் தசைக்கும் வேலை. ஆனால் குளத்தில் போடும் மருந்து நெடி சிலருக்கு ஆகாது என்றார். எடை தூக்குவதில் அவ்வளவாக மூச்சு வாங்காது, தூக்கும்போது மட்டும் தம் கட்டக் கூடாது. “எல்லாத்தயும் விட, எந்த விளையாட்டயும் இவ விட வேண்டியதில்ல. தினமும் தடுப்பு இன்ஹேலர். ஆடுறதுக்குக் கால் மணி முன்னாடி இன்னொண்ணு. மெதுவா, சின்னச் சின்னதா ஓடி உடம்பை சூடு பண்ணிக்கணும்.”

“செலக்‌ஷன்ல பஃப் பாத்தா தூக்கிட மாட்டாங்களா மேடம்?”

“சொன்ன அளவுல எடுத்தா தடை இல்ல. கேட்டா காட்ட நான் சீட்டு எழுதித் தரேன். பீரோவுல வெச்சுப் பூட்டாம இருந்தா சரி.”

பீரோ என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்கு ஒரு சிறு கருவி கொடுத்தார்கள். பீக் ஃப்ளோ மீட்டர் (வேகமாக ஊதினால் ஊதிய வேகத்தை எண்ணாகக் காட்டும் குழல்). காலையும் மாலையும் ஊதி எண்ணை எழுத வேண்டும். அவளுடைய நல்ல நாள் எண் முந்நூற்றைம்பது. இருநூற்றெண்பதுக்குக் கீழே போனால் அன்று பயிற்சி கிடையாது. இரண்டு வாரம் எண் நிலையாக நின்றால் மைதானம் போகலாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் வாரம் கலாவும் நானும்கூட ஊதிப் பார்த்தோம். கலா என்னை வென்றுவிட்டாள். “உங்கள இத்தன வருஷம் திட்னது வீண் போகல பாருங்க” என்றாள். வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மூன்றாம் வாரம் மோனிஷா மைதானம் போனாள். செல்வி அவளை ஏரிக்கரைக்கு அனுப்பவில்லை. பத்தடி ஓடி நிற்பது, மறுபடி பத்தடி, மூக்கில் மெல்லிய துணி. அணிப் பிள்ளைகள் விடுவார்களா? “இன்னாடி மச்சி, வாக்கிங் வந்த அங்கிள் மாரி கீற?” என்றார்கள். சிரித்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முகம் வேறாக இருக்கும்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது நோட்டைப் புரட்டினேன். முந்நூற்று நாற்பது. முந்நூற்று நாற்பது. முந்நூற்று நாற்பது. காலையும் மாலையும், ஒன்பது நாளாக.

பிள்ளைகளே, நான் தினமும் அளவுமானிகளைப் பார்க்கிறவன். காற்றை அளக்கிற எந்த முள்ளும் ஒன்பது நாள் ஒரே இடத்தில் நிற்காது. வெயிலுக்கு ஏறும், மழைக்கு இறங்கும். நின்றால் ஒன்று முள் பழுது, இல்லையென்றால் யாரோ பார்க்காமலே எழுதுகிறார்கள்.

“மோனி, இப்ப என் எதிர்ல ஊது.”

“ஸ்கூலுக்கு டைம் ஆச்சுப்பா.”

“ஊது.”

ஊதினாள். இருநூற்று அறுபது. இந்த நெஞ்சோடு அவள் ஒன்பது நாளும் மைதானத்துக்குப் போயிருக்கிறாள்.

“ஏன்டீ பொய் எழுதுன? செத்துப்போறதுக்கா?”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நீ மட்டும் சொல்லலியா?” என்றாள்.

“நான் இன்னா சொன்னேன்?”

“ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு, முன்னாடி பஃப் குடுத்தாங்களான்னு. இல்லன்ட. நான் மூச்சுக்குத் தவிச்சிகினு படுத்துங்கீறேன், நீ என் எதிர்லயே இல்லன்ட. பீரோல வெச்சது நீதானே? மறைச்சா ஆடலாம்னு நீதான் கத்துக்குடுத்த.”

முகமூடிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்ணுக்கு அர்த்தம் இரண்டு மாதம் கழித்துப் புரிந்தது. கலா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். பீரோ விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

நான் அன்று வேலைக்குப் போகவில்லை, மோனிஷாவும் பள்ளிக்குப் போகவில்லை. மூவரும் பஸ் பிடித்து வேலப்பன்சாவடி போனோம். டாக்டர் எதிரில் உட்கார்ந்து, முதல் கிளினிக், கொண்டுபோகாத தாள், புடவைக்குப் பின்னால் வைத்த இன்ஹேலர், அவசரப் பிரிவில் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, நானும் இத்தனை நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மோனிஷா தானாகவே, “நானும் ஒம்போது நாள் நம்பர் கப்சா வுட்டேன் மேம்” என்றாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பாவும் பொண்ணும் நல்ல ரைடருங்கதான். ரெண்டு பேரும் வெளிய விட மாட்டீங்க” என்றார். பிறகு மருந்தின் அளவை மாற்றினார். அவள் இன்ஹேலரை இழுக்கும் விதமும் தப்பு என்று அன்று தெரிந்தது. இழுத்ததும் வெளியே விட்டுவிடுகிறாள். “இழுத்துட்டுப் பத்து எண்ணுற வரைக்கும் தம் கட்டணும். அப்பதான் மருந்து போய் உக்காரும்” என்றார் டாக்டர்.

“தம் கட்றதா? அது எனக்கு வரும் மேம்” என்றாள் மோனிஷா.

எண் மெல்ல ஏறியது. ஏறின நாளும் எழுதினாள், இறங்கின நாளும் எழுதினாள். இருநூற்றெழுபது, முந்நூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூற்று முப்பது. மேடும் பள்ளமுமாக இருந்த அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதி. மைதானத்துக்கு அவளை நான் அனுப்பவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எண் சொன்னதை இருவரும் கேட்டோம்.

கோடை விடுமுறையில் பாரிவாக்கத்தில் ஒரு போட்டி. வீட்டு மனைகளுக்கு நடுவே மிச்சமிருந்த திடலில் நடந்தது. மோனிஷா கால் மணி முன்னதாக, எல்லோர் எதிரிலும் இன்ஹேலரை இழுத்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி, “அது இன்னாது மச்சி, செண்ட்டா?” என்று கேட்டாள். “ஆமா, உள்ளுக்கு அடிக்கிற செண்ட்டு” என்றாள் மோனிஷா.

நான் ஸ்டாப்வாட்ச் கொண்டுபோயிருந்தேன். பழக்கத்தில் கையில் வைத்திருந்தேன். முதல் பாதியில் ஏழு புள்ளி எடுத்தாள். இரண்டாம் பாதியில் காற்று திரும்பியது. பக்கத்து மண்சாலையில் லாரி போன தூசி திடலுக்குள் இறங்கியது. ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி முன்னால். மோனிஷா பாடிப் போனாள். பத்து நொடி. பதினொன்று. எதிரணி மூலையில் ஒருத்தி தனியாக நின்றாள், கைக்கு எட்டும் தூரம். எனக்கே தெரிந்தது. முன்பு என்றால் அவள் உயிரைக் கொடுத்தாவது தொடுவாள், நான் கத்துவேன்.

பன்னிரண்டாவது நொடியில் திரும்பி நடந்து கோட்டைத் தாண்டினாள். செல்வியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மாற்று ஆள் உள்ளே போனாள்.

என் கால் தானாக முன்னால் போனது. அவள் உள்ளங்கையைக் காட்டினாள். அங்கேயே நில் என்று அர்த்தம். நின்றேன். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளே இருந்த காற்றை முழுக்க, மிச்சம் வைக்காமல் ஊதினாள். இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தாள். கண்ணை மூடித் தம் கட்டினாள்.

நான் வாட்சை அழுத்தினேன்.

அந்தப் போட்டியில் நாங்கள் இரண்டு புள்ளியில் தோற்றோம். “உன்னாலதான்டி” என்று அணிப் பிள்ளைகள் அவள் தலையில் தட்டினார்கள். “உயிரோட தோத்தோம்ல, வாங்கடி ஜூஸ் குடிக்கலாம்” என்றாள். ஜில் தண்ணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அது காரணமில்லை என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார்.

அடுத்த மாவட்டத் தேர்வு வரும். போவாள். எடுப்பார்களோ மாட்டார்களோ. எனக்கு அவள் முப்பத்திரண்டு நொடி தம் கட்டியது மறந்துகொண்டே வருகிறது. மறக்காதது அந்தப் பெஞ்ச்தான். வாட்சில் மூன்றாவது நொடியில் மண்சாலையில் ஒரு லாரி போனது. ஐந்தில் திடலில் யாரோ விசிலடித்தார்கள். ஏழில் என் நெஞ்சும் நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது. நானும் அவளோடு தம் கட்டியிருக்கிறேன். எட்டு. ஒன்பது. அவள் தோள் ஏறவில்லை. கழுத்துக்குழி அசையவில்லை.

பத்தில் அவள் வாயைத் திறந்தாள். காற்று வெளியே வந்தது.

நானும் விட்டேன்.